பேர் இல்லாத பட்டன்கள்! - காதால் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களும், அவர்களை மறந்த சாஃப்ட்வேர்களும்

திங்கட்கிழமை காலை 10 மணி. டீம் மீட்டிங். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து லேப்டாப்பில் இணைந்திருக்கிறார்கள். டீம் லீடர் ஒரு டாக்குமென்ட்டைத் திரையில் பகிர்ந்து, “இதோ, மஞ்சள் கலர்ல இருக்கே, இந்த வரியை மாத்தணும். எல்லாரும் உங்க பாயின்ட்டை இங்கேயே டைப் பண்ணிடுங்க” என்கிறார். ஐந்து பேரும் தட்ட ஆரம்பிக்கிறார்கள். நடுவில் ஒருவர் சாட்டில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார். அதற்கு நான்கு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இப்போது அந்த ஐந்து பேரில் ஒருவர் பார்வையற்றவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்தப் பத்து நிமிடம் எப்படிப் போயிருக்கும்?

மீட்டிங்கில் பகிரப்படும் திரை என்பது ஒரு வீடியோ. அதில் இருக்கும் எழுத்துகளை அவருடைய கம்ப்யூட்டர் படிக்காது. எனவே டீம் லீடர் சொன்ன ‘மஞ்சள் வரி’ எது என்று அவருக்குத் தெரியாது. ‘இங்கே’ என்றால் எங்கே என்றும் தெரியாது. சரி, அதே டாக்குமென்ட்டை அவர் தன் கம்ப்யூட்டரில் திறக்கிறார். அவர் ஒரு வரியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறு ஒருவர் அந்த வரியை அழிக்கிறார். பாதியில் வாக்கியம் மாறிவிடுகிறது. ஒரே ஹெட்போனில் டீம் லீடர் பேசுகிறார், கம்ப்யூட்டர் பேசுகிறது, ‘புதிய செய்தி வந்திருக்கிறது’ என்று சாட்டும் நடுவில் குறுக்கிடுகிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் என்ன இருந்தது? ‘படம்’ என்று மட்டும் கேட்டது. எல்லோரும் எதற்குக் கட்டை விரல் காட்டினார்கள் என்று கடைசிவரை புரியவில்லை.

“உங்க பாயின்ட் எதுவும் இல்லையா?” என்று டீம் லீடர் கேட்கும்போது அவர் என்ன சொல்வார்? பெரும்பாலும், “இல்லை சார், ஓகே சார்” என்றுதான் சொல்வார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இவர்களில் படித்து வங்கியில், அரசு அலுவலகத்தில், கல்லூரியில், ஐ.டி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் பலர். ஒரு காலத்தில் ஆபீஸ் வேலை என்றால் ஃபைல், பேப்பர், ரெஜிஸ்டர். அது கம்ப்யூட்டருக்கு மாறியது பார்வையற்றவர்களுக்குப் பெரிய வரமாகத்தான் இருந்தது. பேப்பரை யாராவது படித்துக்காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் தானே படித்துவிடும். ஆனால், கொரோனா காலத்துக்குப் பிறகு வேலை இன்னொரு முறை இடம் மாறிவிட்டது. இப்போது ஆபீஸ் என்பதே ஸ்லாக், டீம்ஸ், ஜூம், கூகுள் டாக்ஸ் போன்ற சாஃப்ட்வேர்களுக்குள்தான் இருக்கிறது. அந்த ஆபீஸின் வாசற்படி சிலருக்கு மட்டும் உயரமாக இருந்தால்?

டப்பாவும் லேபிளும்

பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த உதவும் சாஃப்ட்வேருக்கு ‘ஸ்க்ரீன் ரீடர்’ என்று பெயர். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும். மவுஸுக்கு இங்கே வேலையே இல்லை, எல்லாமே கீ-போர்டில்தான். பழகியவர்கள் அதன் பேச்சு வேகத்தை மிகவும் கூட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் நமக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அவர்களோ அந்த வேகத்தில் கேட்டபடியே டைப்பும் செய்துகொண்டிருப்பார்கள்.

ஸ்க்ரீன் ரீடர் திரையைக் ‘கண்ணால்’ பார்த்துப் படிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி பத்து டப்பாக்கள். மேலே ‘சாம்பார் பொடி’, ‘ரசப் பொடி’ என்று லேபிள் இருந்தால் புதிதாக வந்தவரும் சமைத்துவிடலாம். லேபிள் இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டியதுதான். திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு லேபிள் இருக்க வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் வேண்டும். அதன் பெயர் என்ன, அது என்ன வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. ‘மைக், பட்டன், அணைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தால் ஸ்க்ரீன் ரீடர் அதை அப்படியே சொல்லும். கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

லேபிள் இல்லையென்றால்? ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அடுத்ததற்குப் போனால் மறுபடியும் ‘பட்டன்’. அதற்கடுத்தும் ‘பட்டன்’. இதில் ஒன்று மைக்கை அணைக்கும், ஒன்று கேமராவைத் திறக்கும், ஒன்று மீட்டிங்கைவிட்டே வெளியேற்றிவிடும். எது எது என்று அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. பார்ப்பதற்குப் பட்டன் மாதிரியே இருக்கும். ஆனால், உள்ளே அது வெறும் வண்ணம் தீட்டிய ஒரு கட்டம். மவுஸால் தட்டினால் வேலை செய்யும். கீ-போர்டின் டேப் கீயை எத்தனை முறை தட்டினாலும் அதன் பக்கம் போகவே போகாது. ஸ்க்ரீன் ரீடரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பட்டனே உலகத்தில் இல்லை.

இதெல்லாம் எங்கோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். ‘வெப்எய்ம்’ என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்துப் பார்க்கிறது. 2025-ல் அதில் ஏறத்தாழ 95 சதவிகிதப் பக்கங்களில் இந்த மாதிரிக் குறைகள் இருந்தன. விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத பட்டன், பெயர் இல்லாத லிங்க் என்று திரும்பத் திரும்ப அதே சில தவறுகள்தான். ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒரு வரி எழுதினால் போதும் என்பதுதான் வேதனை.

ஸ்க்ரீன் ரீடர் உருவான கதையும் சுவையானது. டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் கார் விபத்தில் பார்வையை இழந்தார். அதன்பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமிங் படித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1989-ல் வெளியிட்டதுதான் ‘ஜாஸ்’ என்ற ஸ்க்ரீன் ரீடர். இன்றும் உலகம் முழுக்க அலுவலகங்களில் ஓடுகிறது. ஆனால், விலை அதிகம். மாணவர்களுக்கும் ஏழை நாட்டவர்களுக்கும் எட்டாக் கனி.

2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர், ‘பார்வையுள்ளவர் திரையைப் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கட்டுவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?’ என்ற கோபத்தோடு இலவச ஸ்க்ரீன் ரீடர் ஒன்றை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் சின்ன வயதில் பழக்கமான ஜேம்ஸ் டே என்ற நண்பரும் கைகோத்தார். அவருக்கும் பார்வை கிடையாது. அப்படி உருவானது ‘என்.வி.டி.ஏ’. இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் உண்டு. வெப்எய்ம் 2024-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் கலந்துகொண்ட சுமார் 1,500 பேரில் 66 சதவிகிதம் பேர் இதைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே டாக்குமென்ட், பத்துக் கைகள்

என்.வி.டி.ஏ பிறந்த அதே 2006-ல்தான் கூகுள் நிறுவனம் ‘ரைட்லி’ என்ற சாஃப்ட்வேரை உருவாக்கிய சின்ன நிறுவனத்தை வாங்கியது. அதுதான் பின்னாளில் கூகுள் டாக்ஸ் ஆனது. ஒரே டாக்குமென்ட்டைப் பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் எழுதலாம், திருத்தலாம். அன்றைக்கு அது ஒரு மாயாஜாலம்.

பார்வையற்றவர்களுக்கோ அது தலைவலியாக இருந்தது. சாதாரண இணையப் பக்கத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், ஸ்க்ரீன் ரீடர் அதை எடுத்துப் படித்துவிடும். ஆனால், பலர் சேர்ந்து எழுதும் டாக்குமென்ட்டில் எந்த எழுத்து எங்கே வர வேண்டும், யாருடைய கர்சர் எங்கே துடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த சாஃப்ட்வேரே தன் போக்கில் கணக்குப் போட்டு வரைகிறது. டைப் செய்வதுபோல நமக்குத் தெரிகிறது. உள்ளே நடப்பது ஓவியம் தீட்டுகிற வேலை. தீட்டிய எழுத்தை ஸ்க்ரீன் ரீடருக்குத் தனியாக எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இதற்கிடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரிசையாகக் கூகுளின் இந்தச் சேவைகளுக்கு மாறத் தொடங்கின. மெயில், டாக்குமென்ட், காலண்டர் எல்லாம் அதில்தான். பார்வையற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் திகைத்தார்கள். 2011 மார்ச் மாதம், அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு அந்நாட்டு நீதித்துறையிடம் புகார் கொடுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் என இரண்டு பெயர்களைக் குறிப்பிட்டு, ‘பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியாத சாஃப்ட்வேருக்கு மாறியதன் மூலம் இவை எங்கள் உரிமையைப் பறித்துவிட்டன’ என்றது.

அந்தப் புகார் சாஃப்ட்வேரை எழுதியவர்களை மட்டும் கைகாட்டவில்லை. அதை வாங்கியவர்களைப் பிடித்தது. ‘இதை எல்லோராலும் பயன்படுத்த முடியுமா என்று கேட்காமல் எப்படி வாங்கினீர்கள்?’ என்ற கேள்வி அது.

அடுத்த சில ஆண்டுகளில் கூகுள் டாக்ஸ் கணிசமாக மாறியது. இன்று கன்ட்ரோல், ஆல்ட், இஸட் ஆகிய மூன்று கீக்களையும் சேர்த்து அழுத்தினால் அதில் ஸ்க்ரீன் ரீடருக்கான வசதி விழித்துக்கொள்ளும். 2021-ல் அந்த சாஃப்ட்வேர் எழுத்துகளைத் திரையில் வரையும் முறையையே அடியோடு மாற்றுவதாக அறிவித்தபோது உலகெங்கும் பார்வையற்ற பயனாளர்கள் பதறினார்கள். ஆனால், ஸ்க்ரீன் ரீடருக்கான தகவல் தனிப் பாதையில் தொடர்ந்து போகும்படியே அந்த மாற்றம் செய்யப்பட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் யாரும் புகார் கொடுக்காமல் இருந்திருந்தால், இந்தத் தனிப் பாதையைப் பற்றி யோசிக்க ஆள் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

2011-ல் புகாரில் சிக்கிய அதே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள்தான், எட்டு வருடம் கழித்து இந்தப் பிரச்னையின் உள்ளடுக்கை வெளியே கொண்டுவந்தார்கள். மைத்ரேயி தாஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களைச் சந்தித்து, மற்றவர்களோடு சேர்ந்து எழுதும்போது என்ன நடக்கிறது என்று விரிவாகக் கேட்டார்கள். 2019-ல் வந்த அந்த ஆய்வு, சாஃப்ட்வேர் குறைகளோடு நிற்கவில்லை. மனிதர்களைப் பற்றியும் பேசியது.

யார் எதை மாற்றினார்கள், யாருடைய கமென்ட் எந்த வரிக்கானது என்பதைக் காதால் பின்தொடர்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னவர்கள், இன்னொன்றும் சொன்னார்கள். டீமில் மற்றவர்களுக்குப் பிடித்த சாஃப்ட்வேருக்கே தாங்களும் இணங்கிப்போவதாகவும், ‘எனக்கு இது சரிவராது, வேறு முறையில் செய்யலாமா’ என்று அடிக்கடி கேட்டால் உறவு கசந்துவிடும் என்று தயங்குவதாகவும். கேட்பவர் பதவியில் சின்னவராக இருந்தால் தயக்கம் இன்னும் அதிகம். சிலர் டாக்குமென்ட்டைத் தன் கம்ப்யூட்டருக்குத் தனியாக இறக்கி, அமைதியாக வேலையை முடித்து, மெயிலில் அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது, ‘இவர் எல்லோரோடும் சேர்ந்து வேலை பார்க்க மாட்டேன் என்கிறாரே’ என்று தெரியும்!

அளவோடு சொல்லணும்

இதைச் சரிசெய்வது எப்படி? எல்லா மாற்றத்தையும் ஸ்க்ரீன் ரீடர் உடனுக்குடன் சொல்லிவிட்டால் போதாதா என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கண்ணுக்கு ஒரு வசதி உண்டு. ஓரத்தில் ஏதோ அசைகிறது என்று தெரியும், வேண்டுமென்றால் பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். நீங்கள் ஒரு வரி எழுதுவதற்குள், ‘சக ஊழியர் ஒரு எழுத்தை அழித்தார், சக ஊழியர் ஒரு எழுத்தைச் சேர்த்தார்’ என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தால் எழுதத்தான் முடியுமா?

இணையத்துக்கான உலகப் பொது விதிமுறை ஒன்று உண்டு. அதன் முதல் பதிப்பு 1999-ல் வந்தது. ஆனால், ‘நீங்கள் இருக்கும் இடத்தைவிட்டு நகர்த்தாமலேயே, திரையில் நடந்த முக்கிய மாற்றத்தை ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியப்படுத்த வேண்டும்’ என்ற தனி விதி அதில் சேர்ந்தது 2018-ல்தான். சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பணிவான அறிவிப்பு. கேட்டுக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருந்து பிறகு சொல்லும். இன்னொன்று, அவசர அறிவிப்பு. பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே நுழையும். ‘இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது’ என்பது அவசரம். ‘ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டார்’ என்பது அவசரமா? இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் அவசரமாக்கி வைத்திருக்கும் சாஃப்ட்வேர், கல்யாண வீட்டு மைக் செட் மாதிரிதான்.

எதை எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கவிடுவது நல்ல தீர்வு. ஜூமில் அந்த வசதி இருக்கிறது. ‘யாராவது உள்ளே வந்தால் சொல்ல வேண்டாம், எனக்குச் செய்தி வந்தால் மட்டும் சொல்’ என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். கூகுள் டாக்ஸில் மற்றவர்கள் செய்யும் மாற்றங்களை ஓரத்தில் ஒரு பட்டியலாக வைத்து, நமக்கு நேரம் கிடைக்கும்போது போய்க் கேட்டுக்கொள்ளும் வசதி உண்டு.

மைத்ரேயி தாஸ் குழுவினர் 2022-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேச்சுக்குப் பதிலாக ஓசைகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். டாக்குமென்ட்டில் யார் எங்கே எழுதுகிறார்கள் என்பதைச் சின்னச் சின்ன ஒலிகளால் உணர்த்தும் ஒரு கருவியை உருவாக்கி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் குக்கர் விசில் அடிப்பது நாம் பேசிக்கொண்டிருப்பதைக் கெடுப்பதில்லை அல்லவா? ஆனாலும் அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கிட்டத்தட்ட அந்த உத்திதான்.

வேறு சில இடங்களில் தீர்வு இன்னும் எளிது. வேலைகளைச் சின்னச் சின்ன அட்டைகளாக வைத்து, ‘செய்ய வேண்டியது’ வரிசையிலிருந்து ‘முடிந்தது’ வரிசைக்கு மவுஸால் இழுத்துப் போடும் பலகைகள் இன்று எல்லா ஆபீஸிலும் இருக்கின்றன. இழுப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை. அதே அட்டைக்குள் ‘இதை முடிந்தது வரிசைக்கு மாற்று’ என்று ஒரு மெனு வைத்துவிட்டால் தீர்ந்தது. அது மவுஸ் பிடிக்கக் கை நடுங்கும் பெரியவர்களுக்கும் உதவும்.

ஷார்ட்கட் கீக்களின் கதை தனி. மைக்கை அணைக்க ஜூமில் ஆல்ட்டும் ஏ-வும். டீம்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம். கூகுள் மீட்டில் கன்ட்ரோலும் டி-யும். காலையில் ஒரு கம்பெனியோடு மீட்டிங், மதியம் இன்னொன்றோடு என்றால், தும்மல் வருகிற அவசரத்தில் எது எதில் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரீன் ரீடருக்கும் சொந்தமாக ஷார்ட்கட் கீக்கள் உண்டு. இணையப் பக்கங்களில் என்.வி.டி.ஏ-வில் ஹெச் என்று தட்டினால் அடுத்த தலைப்புக்கும், பி என்று தட்டினால் அடுத்த பட்டனுக்கும் போகும். சாஃப்ட்வேரும் அதே எழுத்துக்கு வேறு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தால் இரண்டுக்கும் சண்டைதான்.

தங்கிலீஷ் தகராறு

நம் ஊர் ஆபீஸ்களுக்கு என்றே ஒரு பிரச்னை இருக்கிறது. சாட்டில் நாம் எழுதும் மொழி. ‘நாளைக்கு மீட்டிங் இருக்கு, எல்லாரும் வந்துடுங்க’ என்பதை எத்தனை பேர் தமிழ் எழுத்தில் டைப் செய்கிறோம்? ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதுதான் வழக்கம். கண்ணால் படிப்பவருக்கு அது இயல்பாகப் புரியும். ஸ்க்ரீன் ரீடரோ எழுத்து ஆங்கிலம் என்பதால் ஆங்கிலக் குரலை வைத்துப் படிக்கும். ‘நாளைக்கு’ என்பது வெள்ளைக்காரர் வாயில் அகப்பட்ட தமிழ்போல உருமாறிக் காதில் விழும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஸ்பெல்லிங் வேறு. பழகியவர்கள் சமாளித்துவிடுகிறார்கள், சில நேரம் எழுத்து எழுத்தாகப் போய்க் கேட்டு.

தமிழ் எழுத்தில் டைப் செய்தால் தமிழ்க் குரல் படிக்கும். என்.வி.டி.ஏ-வோடு வரும் இலவசக் குரலில் தமிழ் இருக்கிறது. கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் தெளிவாகக் கேட்கும். விண்டோஸிலும் ஒரு தமிழ்க் குரல் உண்டு. அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர், வள்ளுவர்!

‘அடுத்த வாரம் முதல் புது சாஃப்ட்வேர்’

பார்வையற்ற ஊழியர் ஒருவர் ஒரு சாஃப்ட்வேரோடு போராடி, அதன் மூலைமுடுக்கெல்லாம் பழகி, மற்றவர்களைவிட வேகமாகவே வேலை பார்க்கத் தொடங்கியிருப்பார். ஒருநாள் நிர்வாகத்திடமிருந்து மெயில் வரும். ‘அடுத்த திங்கள் முதல் நாம் புது சாஃப்ட்வேருக்கு மாறுகிறோம். இது இன்னும் அழகாக, இன்னும் எளிதாக இருக்கும்.’ அழகு யாருக்கு, எளிது யாருக்கு என்று அந்த மெயிலில் இருக்காது. வெள்ளிக்கிழமைவரை திறமைசாலியாக இருந்தவர், திங்கட்கிழமை காலை, ‘இவர் கொஞ்சம் ஸ்லோ’ ஆகிவிடுவார். வருடக் கடைசியில் ரேட்டிங் போடும்போது அந்த ‘ஸ்லோ’தான் எண்ணிக்கைக்கு வரும். புது வெர்ஷன் அப்டேட்டில் ஒரு பட்டனின் லேபிள் காணாமல் போனால்கூட இதே கதைதான்.

அதனால்தான் வாங்குவதற்கு முந்தைய அந்த ஒரு வாரம் முக்கியமானது. விற்க வரும் நிறுவனத்திடம், ‘ஸ்க்ரீன் ரீடரோடு எது வேலை செய்யும், எது செய்யாது என்ற அறிக்கையைக் கொடுங்கள்’ என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் அந்த அறிக்கையைத் தயாராகவே வைத்திருக்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. அறிக்கையை அப்படியே நம்பிவிடாமல், தன் ஆபீஸில் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்தும் ஊழியரிடம் ஒருநாள் கொடுத்துப் பார்க்கலாம். அந்தச் சோதனையை அவருடைய வழக்கமான வேலைக்கு மேல் இலவசமாகச் சுமத்தாமல், அதற்கென்று நேரம் ஒதுக்குவதுதான் நியாயம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் அறிவுரையாக இருந்தால் போதாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவையாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

2025 ஏப்ரலில் இன்னொரு முக்கியத் தீர்ப்பு வந்தது. வங்கிக் கணக்கு போன்றவற்றுக்காக ஆன்லைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும்போது, ‘கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்பார்களே, அது தொடர்பான வழக்கு. ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் நீதிமன்றம் போயிருந்தார்கள். நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அது ஆபீஸ் சாஃப்ட்வேர் பற்றிய வழக்கு இல்லைதான். ஆனாலும், ‘இது உதவி இல்லை, உரிமை’ என்று ஒரு ஊழியர் தன் ஹெச்.ஆரிடம் பேசப் போகும்போது கையில் வைத்திருக்கக்கூடிய தீர்ப்பு.

பக்கத்து சீட்டுக்காரர் செய்யக்கூடியது

சாஃப்ட்வேர் மாற வருடங்கள் ஆகலாம். மீட்டிங்கில் பேசும் விதத்தை மாற்ற ஒரு நாள் போதும். ‘இதோ, இங்கே’ என்பதற்குப் பதிலாக, ‘மூன்றாவது பாராவில், செலவு என்ற தலைப்புக்குக் கீழே இரண்டாவது வரி’ என்று சொல்லலாம். போனில் மட்டும் இணைந்திருப்பவருக்கும், பஸ்ஸில் வந்துகொண்டே கேட்பவருக்கும்கூட அது வசதி. திரையில் காட்டப் போகும் ஃபைலை மீட்டிங்குக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாம். டீம்ஸில் பிரசன்டேஷனைத் திரை வழியாகக் காட்டாமல் அதற்கென்றே இருக்கும் ‘பவர்பாயின்ட் லைவ்’ வசதியில் போட்டால், ஒவ்வொருவரும் அவரவர் ஸ்க்ரீன் ரீடரால் படித்துக்கொள்ள முடியும். ஸ்க்ரீன்ஷாட் போட்டால் கீழே ஒரு வரி, ‘இந்த மாத விற்பனைப் பட்டியல், மொத்தம் இவ்வளவு’ என்று எழுதினால் போதும். பத்து எமோஜிகளை வரிசையாகப் போடுவதற்கு முன்னால், இன்னொருவர் காதில் பத்தின் பெயர்களும் ஒவ்வொன்றாக ஒலிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளலாம். டாக்குமென்ட்டில் தலைப்பை வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கி எழுதாமல், ‘ஹெட்டிங்’ என்று இருக்கும் வசதியில் கொடுத்தால், நூறு பக்க டாக்குமென்ட்டில்கூட அவர் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போய்விடுவார்.

சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பவர்கள் என்.வி.டி.ஏ-வை இன்றைக்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரையும் அணைத்துவிட்டு, தாங்களே எழுதிய சாஃப்ட்வேரில் ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு அதற்கான கருவி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘ஆக்ஸசபிலிட்டி’ அல்லது ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் ‘டாக்பேக்’ இருக்கும். ஐபோனில் அதன் பெயர் ‘வாய்ஸ்ஓவர்’. அதை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் ஆபீஸ் சாட்டையோ பிள்ளைகளின் பள்ளி ஆப்பையோ திறந்து ஐந்து நிமிடம் தடவிப் பாருங்கள். ஒருமுறை தொட்டால் அது என்ன என்று சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். எத்தனை முறை வெறும் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆன் செய்வதற்கு முன்பே அணைப்பது எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. டாக்பேக்குக்கான ஷார்ட்கட்டையும் அதே இடத்தில் ஆன் செய்துவிட்டால், வால்யூம் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அணைந்துவிடும். ஐபோன்காரர்கள் ‘வாய்ஸ்ஓவரை ஆஃப் செய்’ என்று ஆங்கிலத்தில் சிரியிடம் சொன்னால் போதும்.